இருபத்துமூன்று நிமிட அந்தி

எங்கள் ஊரில் சூரியன் அஸ்தமிப்பதை யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஊர். மேற்கே மலை நிற்கிறது. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகும் வயலில் வெளிச்சம் கிடக்கும். எத்தனை மணிக்கு என்று கேட்டால் விளக்கு வைக்கிற நேரம் என்பார்கள், அவ்வளவுதான். எனக்கும் நாற்பத்தைந்து வயதுவரை அது போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை. சாயங்காலம் ஆனால் கைபேசியை எடுத்து இன்றைக்கு அஸ்தமனம் எத்தனை மணி என்று பார்க்கிறேன். பார்த்து ஒன்றும் கிழிக்கப்போவதில்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆறு வருஷம் இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பாளையங்கோட்டையில் நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்தவள் நான். இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் சபைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டவர் நடந்த மண்ணுக்கு நம்ம ஊர்க்காரி போகிறாள் என்று எங்கள் போதகர் ஐயர் கோயிலில் ஜெபம் பண்ணி அனுப்பினார். நான் போய் நடந்ததெல்லாம் மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில்தான். எருசலேமை ஒரே ஒரு நாள் பார்த்தேன், அதுவும் மழையில். திரும்பி வந்ததும் பெண்கள் ஐக்கியத்தில் பேசக் கூப்பிட்டார்கள். யோர்தான் தண்ணீர் கொண்டுவரவில்லையா என்று கேட்டார்கள். அந்த வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர்தான் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த அம்மாவை நான் ‘இமா’ என்று கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம். தொண்ணூறு வயதைத் தாண்டிய யூதர், ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி, அதையும் கணக்காகவே செய்வார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாதாமாதம் புதுத் தாள். விடியல் எப்போது, உதயம் எப்போது, காலை ஜெபத்தை எந்த நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், நடுப்பகல் எப்போது, பிற்பகல் ஜெபத்தை எப்போது தொடங்கலாம், அஸ்தமனம் எப்போது, நட்சத்திரம் எப்போது என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதிலும் சில கட்டத்தில் இரண்டு நேரம் போட்டிருக்கும். உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை பகல் என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார், விடியலிலிருந்து நட்சத்திரம்வரை பகல் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார், இருவரையும் விட முடியாதாம். எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாத் தேதியை வைத்து இரண்டு வகையறா அடித்துக்கொள்வதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

மணிதான் என்னை ஆட்டிவைத்தது. அவர்கள் சட்டத்தில் மணி என்பது அறுபது நிமிடம் இல்லை. பகல் எவ்வளவு நீளமோ அதைப் பன்னிரண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மணி. குளிர்காலத்தில் பகல் குறுகிப்போகும், மணி ஐம்பது நிமிடமாகச் சுருங்கும். கோடையில் எழுபதைத் தாண்டும். போன புதிதில் எனக்கு இது புரியாமல், காலை மாத்திரையை ‘மூன்றாம் மணி முடியும்போது’ கொடு என்று அவர் சொன்னதைக் கேட்டு ஆறிலிருந்து எண்ணி ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அதற்குள் அவர் நேரம் தாண்டிப்போயிருந்தது. கோபத்தில் மாத்திரையை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். எங்கள் ஊரில் ராகுகாலமும் இதே மாதிரிதானே, பகலை எட்டாக வெட்டுவது, ஆனால் ஒன்றரை மணி என்று சுலபமாக வைத்துக்கொண்டோம் என்று ஒருநாள் அவருக்கு விளக்கினேன். “சுலபமாக வைத்துக்கொண்டால் அது தப்பு” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். நெல்லைக்கு அந்த மணி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாராம். வருஷம் முழுக்க ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவில்தான் ஆடும், உங்கள் ஊரில் மனிதர்கள் கவலை இல்லாமல் இருப்பார்கள் என்றார். என் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் கேட்ட கேள்வி, “சூரியன் விழுந்துவிட்டதா?” என்பதுதான். அவர்களுக்கு நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது. அஸ்தமனம் ஆனால் மறுநாள் வருகிறது. ஆனால் அஸ்தமனத்துக்கும் மூன்று நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிவதற்கும் நடுவில் ஒரு துண்டு நேரம் இருக்கிறது பாருங்கள், அது எந்த நாளிலும் சேராது. பகலோ இரவோ என்று சந்தேகமான நேரம். அப்படித்தான் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் எந்த நாளில் பிறந்தது என்று தெரியாது. ஒருவர் செத்தாலும் அப்படித்தான்.

அவர் செத்ததும் அப்படித்தான்.

மார்கழிக் குளிர், வெள்ளிக்கிழமை. சில வாரமாகவே படுத்த படுக்கை. ஆனால் அன்றைக்குப் போய்விடுவார் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. அஸ்தமனம் நாலு முப்பத்தெட்டு என்று தாளில் இருந்தது. நாலரைக்கு என்னைக் கூப்பிட்டு, “சூரியன் விழுந்துவிட்டதா?” என்றார். இன்னும் இல்லை, எட்டு நிமிடம் இருக்கிறது என்றேன். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ஊரிலிருந்து என் வீட்டுக்காரர். பால்கனிக்குப் போனேன்.

குக்கர் வாஷர் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் அழைத்திருந்தார். அலமாரியில் இரண்டாவது தட்டில் மஞ்சள் டப்பாவில் என்றேன். இல்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். அதற்குள் மகள் வந்து பேசினாள். கிறிஸ்துமஸுக்கு என்ன நிறத்தில் நட்சத்திரம் கட்டுவது என்று அவளுக்கும் அப்பாவுக்கும் சண்டை. நான் இருவரையும் வைதேன், சிரித்தேன். கீழே தெருவில் வண்டிகள் நின்று ஊர் அடங்கிக்கொண்டிருந்தது. வானம் சிவந்து, பிறகு சாம்பலாகிப்போனது எனக்குக் கண்ணில் பட்டது. பட்டும் உள்ளே போகவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

உள்ளே வந்தபோது அவர் கண் மூடிக் கிடந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். ஆறு வருஷமும் அந்த நேரத்தில் அவரைத் தூங்க விட்டதில்லை. அன்றைக்கும் தோளைத் தொட்டு, தமிழிலேயே, “இமா, வெளக்கு வைக்கிற நேரம், எந்திரிங்க” என்றேன். இரண்டுதடவை சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இமாவின் மகனுக்கு அழைத்தேன். ஒரே மகன், வேறு ஊரில் இருந்தார். வெள்ளி அஸ்தமனத்தோடு அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, கைபேசியைத் தொடமாட்டார் என்று நன்றாகத் தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, தாங்கள் வந்த நேரத்தைத் தாளில் எழுதினார்கள். ஐந்து இருபது. மறுநாள் ராத்திரி, ஓய்வுநாள் முடிந்ததும், மகன் ஓடிவந்தார். வாசலிலேயே நின்று, “எப்போது?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு வாயில் வந்தது இதுதான்: “நாலரைக்கு. நான் கையைப் பிடித்திருந்தேன். அமைதியாகப் போனார்.”

பயம்தான். வயதானவரைப் பார்த்துக்கொள்ள வைத்தவள் பால்கனியில் நின்று வாஷர் தேடிக்கொண்டிருந்தாள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்போல இருந்தது. கையில் இருந்தது ஒரு பொய்தான். கொடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு விசா முடிந்து ஊருக்கு வந்தேன். அவர் போனது போன மார்கழி, இது இந்த மார்கழி. தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்த வாரம், இமாவின் மகனிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் பாதி ஆங்கிலத்திலும் பாதி அவர்கள் மொழியிலும் பேசுவோம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“முதல் வருஷ நினைவு நாள் வருகிறது. இனி நான் சாகும்வரை வருஷாவருஷம் அந்தத் தேதியில் நின்று ஜெபம் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் தாளில் ஐந்து இருபது என்று இருக்கிறது. அது இரவு, மறுநாள் கணக்கு. நீ நாலரை என்றாய். அது பகல், முந்தைய தேதி. பார்த்தவள் வாயால் இன்னொரு தடவை கேட்டுக்கொள் என்று எங்கள் மதகுரு, ரபி, சொல்கிறார். நாலரைதானே?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

“நாளைக்கு அழைக்கிறேன்” என்றேன்.

“ஏன், நினைவில்லையா?”

“நாளைக்கு அழைக்கிறேன்” என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அரிசி களைந்தவள் அதை அப்படியே வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். துணியை நனைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். நெல்லை டவுனில் சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன், என்ன சாமான் என்று எனக்கே தெரியாது. ஆர்ச் பக்கத்தில் இறங்கி ரதவீதியை ஒரு சுற்று சுற்றினேன். ஒரு கடையில் ஏறி, “என்ன வேணும்க்கா?” என்று கேட்டதும் இறங்கி வந்துவிட்டேன். வழியில் ஒரு தொழுகைப் பள்ளியின் வாசலில் அன்றைய தொழுகை நேரங்கள் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சூரியன் விழுந்ததும் தொழுகிற மஹ்ரிப் நேரத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் சூரியன் விழுந்தால்தான் நாள் மாறும். ‘வெள்ளி ராவு’ என்று அவர்கள் சொல்வது நமக்கு வியாழக்கிழமை ராத்திரி. அவர்களில் யாரையாவது நிறுத்தி, அண்ணாச்சி, இப்படி ஒரு சந்தேகம் என்று கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வரும்போது மலை சூரியனை வாங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு நட்சத்திரத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எதையாவது பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார்.

“ஒங்க போனைக் கொஞ்சம் தாங்க” என்றேன்.

“எதுக்குட்டி?”

“போன வருசம் நான் அங்கன இருக்கும்போது ஒரு வெள்ளிக்கெழமை பேசுனோம்லா. குக்கர் வாஷர் கேட்டியளே. அது எத்தன மணின்னு அதுல இருக்கும்லா?”

ஸ்டூலிலிருந்து பைய இறங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போனார். காலை வணக்கமும் பூப்படமும் வசனமுமாக ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் நிறுத்தி நீட்டினார். இரவு எட்டு ஒன்று. இருபத்துமூன்று நிமிடம்.

இஸ்ரேல் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதைக் கழித்துக் கணக்குப் போட்டேன். அங்கே நாலு முப்பத்தொன்றுக்குத் தொடங்கி நாலு ஐம்பத்துநாலுக்கு முடிந்திருக்கிறது. அஸ்தமனம் நாலு முப்பத்தெட்டு. எங்கள் பேச்சு அதன்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் ஏழு நிமிடத்தில் போயிருந்தால் வெள்ளிக்கிழமைத் தேதி. மற்றப் பதினாறு நிமிடத்தில் போயிருந்தால் யாருக்கும் தெரியாத நேரம்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு வாஷருக்குப் போயி...” என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டே, “அது மஞ்ச டப்பாவுலதான் இருந்துச்சு. நான் சரியாப் பாக்கல” என்றார்.

“ஒங்கள யாரு இப்ப குத்தம் சொன்னா?”

“இல்லட்டி. நான் ஒன்னு சொல்லுதேன், கேளு. அவரு ஒரு தேதிய வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்காரு. ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். செத்தவுக வந்து கேக்கவா போறாவ?”

“வருசாவருசம் அவரு நின்னு ஜெபம் பண்ணணுமாம். நான் சொன்ன பொய்யி மேல நின்னு பண்ணணுமா?”

“உண்மையச் சொன்னா அவருக்கு என்னட்டி கெடைக்கப் போவுது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அவர் கேட்டது சரியான கேள்வி. சுலபமாக வைத்துக்கொண்டால் தப்பு என்று சொன்ன மனுஷியின் தேதியைச் சுலபமாக வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதே சமயம், அம்மாவின் கையை யாரோ பிடித்திருந்தார்கள் என்ற நினைப்பை ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கவும் மனசு வரவில்லை. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று போகும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அழைத்தேன். அங்கே ஏழரை. அவர் காலை ஜெபம் முடித்து வந்திருப்பார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், நின்றால் ஓடிவிடுவேன் என்ற பயத்தில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாலு முப்பத்தொன்றுக்குப் பால்கனிக்குப் போனேன், நாலு ஐம்பத்துநாலுக்கு உள்ளே வந்தேன், அதற்கு நடுவில் போயிருக்கிறார், எந்த நிமிடம் என்று தெரியாது, கையைப் பிடித்திருந்தேன் என்றது பொய்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இரு, ரபியிடம் கேட்டுவிட்டு அழைக்கிறேன்” என்று வைத்தார்.

அந்த அரை மணி நேரம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். நான் போகிற பக்கமெல்லாம் வீட்டுக்காரரும் ஏதோ தேடுகிற மாதிரி வந்துகொண்டிருந்தார். கைபேசி அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

“தேதி மாறாது” என்றார் மகன். “சந்தேகமான நேரத்தில் போயிருந்தால் முந்தைய தேதியையே வைத்துக்கொள் என்று எங்கள் ரபி சொல்லிவிட்டார். இப்போது இருக்கிற தேதிதான்.”

மாறவில்லை. நான் பொய் சொல்லியிருந்தாலும் அதே தேதி, மெய் சொன்னாலும் அதே தேதி. என் வாயால் அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட நகரவில்லை. நகர்ந்தது வேறொன்று. அது என்ன என்று அவருடைய அடுத்த கேள்வியில் தெரிந்தது.

“அப்படியானால் அம்மா தனியாக இருந்தார்களா?”

“ஆமாம்” என்றேன்.

“என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், பாட்டியின் கையை நீ பிடித்திருந்தாய் என்று. சின்னவள் தினமும் தூங்கப்போகும்போது அதைக் கேட்பாள். இனி அவளிடம் என்ன சொல்ல?”

“உண்மையைச் சொல்லுங்கள். நான் போனில் என் வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லுங்கள். என்னை வெறுக்கட்டும்.”

“சிரித்தாயா?”

“சிரித்தேன்.”

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்காகவே காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வைகிற குரலில் இல்லை.

“பால்கனிக் கதவு திறந்திருந்ததா?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதவை நான் ஒருநாளும் முழுதாகச் சாத்துவதில்லை. சாத்தினால் அவர் கூப்பிடுவது கேட்காது.

“பாதி திறந்திருந்தது.”

“அப்படியானால் நீ சிரித்தது அவர்களுக்குக் கேட்டிருக்கும்” என்றார். “சின்னவளிடம் அதைச் சொல்கிறேன். பக்கத்தில் பால்கனியில் ஒருத்தி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், அதைக் கேட்டுக்கொண்டே போனார்கள் என்று. அதுவும் உண்மைதானே?”

உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். என் அழுகையை அவரும் கேட்டார், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் கேட்டார். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.